இறக்கம் பார்த்து

அமரர் ஊர்தி கிளம்பவில்லை.
தை மாதம், காலை எட்டரை,
குன்னூர் பெட்ஃபோர்டுக்கு மேலே எங்கள் தெரு.
டிரைவர் பையன் சாவியைத் திருகத் திருக
உள்ளே யாரோ இருமிவிட்டு அடங்கினார்கள்.
போதகர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.
என் தம்பி இன்னொரு வண்டிக்குப் போன் போட்டான்.
நீங்கள் பேசாமல் படுத்திருந்தீர்கள்,
இருபத்தெட்டு வருஷத்தில் முதல் தடவையாக
ஒரு இஞ்சின் திணறுவதைக் கேட்டும் எழுந்திரிக்காமல்.

வந்த சிரிப்பை முந்தானையில் பொத்திக்கொண்டேன்.
அழுகிறேன் என்று நினைத்து
ரோசலின் அக்கா முதுகைத் தடவினாள்.
அழுதுகொண்டும்தான் இருந்தேன்.

*

அருவங்காட்டுச் சங்கு ஊதி
இருபது நிமிஷத்தில் ஷெட்டில் விளக்கு எரியும்.
எஸ்டேட் மாட்டுக்கொட்டகையில் கிடந்த ஹெரால்டு;
பின் சீட்டில் கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது.
கோழியோடு சேர்த்து விலை பேசினீர்கள்.
குஞ்சு பொரிக்கும்வரை
முன்பக்கத்தில் மட்டும்தான் வேலை.

அந்த முன்பக்கம் முழுசும்
முதலை வாய் போலத் திறக்கும்.
அதற்குள் தலையை விட்டவரை
சாப்பிடக் கூப்பிட்டு நான் ஜெயித்ததில்லை.
பெனிட்டாவை அனுப்புவேன்.
அவள் ‘அப்பா’ என்பதற்குள் ஸ்பேனர் கீழே விழும்.

என் தையல் மெஷினில் ரெக்ஸின் தைத்து
ஏழு ஊசி ஒடித்ததை இன்னும் மன்னிக்கவில்லை.
ஜாடிப் புளியை முழுக்கக் கரைத்து
பம்பரின் துருவைத் துலக்கினீர்கள்.
அன்றைக்கு ரசம் இல்லை.
பம்பரில் என் கோபமான முகம்
நன்றாகவே தெரிந்தது.

எனக்கு ஆஸ்பத்திரியில் இரவுப் பணி.
சுகந்திக்கு ஜடை பின்னி அனுப்பியது நீங்கள்.
ரிப்பனில் பெட்ரோல் வாசம் என்று
டீச்சர் டைரியில் எழுதினாள்.
‘இனி கவனமாக இருப்போம்’ என்று பதில் எழுதி
கையெழுத்துப் போட்டீர்கள்,
பக்கத்திலேயே கறுப்பாய் ஒரு பெருவிரல் ரேகை.

புது பேட்டரிக்குக் காசு சேரும்போதெல்லாம்
யாருக்காவது ஃபீஸ் கட்ட நாள் வந்துவிடும்.
சர்ச், சந்தை, என் அம்மா வீடு,
எங்கே போனாலும் காரின் மூக்கு கீழே பார்க்க நிற்கும்.
‘மலை இருக்கிறப்போ பேட்டரி எதுக்கு, ரூபி?’
பட்டுச்சேலையில் நான் தள்ளாத கல்யாணம்
இந்த மலையில் உண்டா?

பர்லியாரில் ரேடியேட்டர் கொதித்தால்
உங்களுக்கு அது பிக்னிக்.
மங்குஸ்தானைப் பிதுக்கிப் பிதுக்கி
பிள்ளைகள் வாயில் போடுவீர்கள்.
‘அதுக்கும் மூச்சு வாங்கணும்ல.’

*

சுகந்திதான் முன்னால் வந்தாள்.
துப்பட்டாவை இடுப்பில் கட்டினாள்.
‘செகண்ட் கியர் போடு. க்ளட்ச்சை மிதிச்சுக்கோ.
நான் சொல்றப்போ விடு.’
‘சவ வண்டியைத் தள்ளக் கூடாதும்மா’ என்றார் பெரியப்பா.
யார் கேட்டார்கள்.

தொழிற்சாலைக்காரர்கள், பால்கார ஹாலன்,
பாடகர் குழுவில் நாலு பெண்கள், நான்.
குளிர்ந்த தகரத்தில் உள்ளங்கையை வைத்தேன்.
அந்தப் பக்கம், ஒரு முழத்தில், உங்கள் பாதங்கள்.

வண்டி ஏன் தோதாய்க் கீழே பார்த்து நின்றது என்று
பிறகு பெனிட்டா சொன்னாள்.
விடியற்காலையில் அது வந்ததும்
வாசலுக்குப் போய் நான்தான் சொன்னேனாம்:
‘இறக்கம் பார்த்து நிறுத்துப்பா.’
எனக்கு ஞாபகமில்லை.

தள்ளினோம்.
‘விடு!’ என்றாள்.
ஒரு குலுக்கல். ஒரு புகை.
பிறகு அந்தச் சத்தம்.
யாரோ கைதட்டிவிட்டு
சட்டென்று கையை மடக்கிக்கொண்டார்கள்.

‘ஆஃப் பண்ணிடாதே’ என்று சொல்லியிருந்தாள்.
டைகர் ஹில் கல்லறையின் கேட்டுக்கு வெளியே
அது ஓடிக்கொண்டே நின்றது.
‘சகோதரர் தேவநேசம் ஓட்டத்தை முடித்தார்’ என்று
போதகர் ஜெபித்தது பாதிதான் காதில் விழுந்தது.
மண்ணை அள்ளிக் கையில் வைத்திருந்தபோது
எனக்குத் தெளிவாய்க் கேட்டது ஒன்றுதான்:
டாப்பெட் தட்டுகிறது.
நீங்கள் இருந்தால்
அப்படியே விட்டிருக்கமாட்டீர்கள்.